நெஸ்டரின் அசையாத தரை

நெஸ்டர் பசரபா இருபத்திரண்டு வருடம் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சம்பாதித்தார். வின்னிபெக்கின் கிழக்குக் கோடியில் இருந்த ரயில் பட்டறையின் கருவி அறை ஜன்னல் அது. தொழிலாளி வந்து பித்தளை வில்லையை நீட்டுவான். நெஸ்டர் வில்லையை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பார். வேலை அவ்வளவுதான். ஆனால் கொடுக்கிறவர் சும்மா கொடுக்க மாட்டார். ஸ்பேனரின் ஒரு நுனி அவர் கையிலேயே இருக்கும், மறு நுனி வந்தவன் கையில் இருக்கும், நடுவில் பத்து நிமிஷம் பாடம் நடக்கும்.

"இதை எப்படிப் பிடிப்பே?"

"கையாலதான் அண்ணே."

"அதான் உங்க எல்லாருக்கும் உள்ள கோளாறு. தோளால பிடிக்கணும்."

ஸ்பேனரைத் தோளால் எப்படிப் பிடிப்பது என்று அந்தப் பட்டறையில் இன்று வரை யாருக்கும் தெரியாது. நெஸ்டருக்கும் தெரியாது. அத்தனை ஸ்பேனரில் ஒன்றை வைத்தாவது அவர் ஒரு போல்ட்டைத் திருகியதற்குச் சாட்சி கிடையாது.

வடக்கே டாஃபின் பக்கம் ஒரு கோதுமைப் பண்ணையில் ஏழு பிள்ளைகளில் ஆறாவதாகப் பிறந்தவர். பதினெட்டு வயதில் நகரத்துக்கு ரயிலேறினார். பிழைப்புக்காக என்று அவர் சொல்லுவார். புத்தி சொல்ல ஆள் கிடைக்காமல் வந்தார் என்பது என் ஊகம். வீட்டில் அவருக்குக் கீழே இருந்தது ஒரே ஒரு தங்கை, அவளுக்கும் காது மந்தம். நகரத்தில் அந்தக் குறை தீர்ந்தது. உக்ரேனியக் கோயிலில் பூசை முடிந்ததும் சாமியாரை ஓரமாக அழைத்துப் போய், "தூபக்காலைச் சங்கிலியில ரெண்டு கண்ணி குறைச்சுப் பிடிங்க சாமி, வீச்சு நல்லா வரும்" என்று சொன்ன மனிதர் இவர் ஒருவர்தான். பனித்தரையில் கல் தள்ளி விளையாடும் கர்லிங் கிளப்பில் பத்து வருடமாக உறுப்பினர். கல்லைத் தள்ளியதைவிடக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, தள்ளுகிறவனைப் பார்த்துத் தலையை ஆட்டியதுதான் அதிகம்.

அவருடைய வீட்டு மாடி அறையில் நான் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தேன். அதனால் இதையெல்லாம் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. காதுகளுக்கு நஷ்ட ஈடு யாரும் தரவில்லை.

எங்கள் ஊர் நிற்பது களிமண்ணின் மேல். ஈரம் குடித்தால் அது உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதனால் இங்கே வீடு நிற்பது வேறு, நிலவறையின் தரை கிடப்பது வேறு. வீட்டை நான்கு பக்க அஸ்திவாரச் சுவரும் நடுவில் இரண்டு மூன்று இரும்புத் தூண்களும் தாங்கும். நிலவறையின் காங்கிரீட் தரை களிமண் மேல் தோசை மாதிரி தனியாகக் கிடக்கும். வசந்தத்தில் கொஞ்சம் ஏறும், கோடையில் கொஞ்சம் இறங்கும். தூண்களின் தலையில் திருகு இருக்கும். வருடத்துக்கு இரண்டு தடவை ஊர்க்காரர்கள் எல்லாரும் நீளமான சாவியை எடுத்துக்கொண்டு கீழே போய் அரைத் திருகு திருகிவிட்டு வருவார்கள். டாக்டர் வீட்டிலும் செய்வார்கள், நீதிபதி வீட்டிலும் செய்வார்கள். யாருக்கும் இதில் வெட்கம் இல்லை.

நெஸ்டருக்கு மட்டும் வெட்கம். ஏனென்றால் அவர் வீட்டு நிலவறைத் தரையை அவரே போட்டார். அறுபத்தாறாம் வருடம், மூன்று பங்காளிகள், ஒரு கலவை இயந்திரம், ஒரு பெட்டி ரை விஸ்கி. அன்றிலிருந்து அவர் வாயில் ஒரே பாட்டு: "ஊர்ல எல்லார் தரையும் அசையும். என் தரை அசையாது." ஸ்டெஃபி அக்கா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போயிருக்கும்போது அவர் சத்தமில்லாமல் கீழே போய்த் தூணைத் திருகிவிட்டு வருவதை நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். கேட்டால் துரு துடைத்தேன் என்பார்.

ஸ்டெஃபி அக்கா அவருடைய மனைவி. ஸ்டெஃபானியா முழுப்பெயர். பதினாலு வருடம் ரீஜண்ட் தெருவில் ஒரு சிகையலங்காரக் கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். எழுபத்து நாலு ஏப்ரல் கடைசியோடு கடையை மூடப்போவதாகக் கடைக்கார அம்மாள் முந்தின கோடையிலேயே சொல்லிவிட்டாள். ஸ்டெஃபி அக்காவுக்குச் சனிக்கிழமை வாடிக்கைப் பெண்கள் பதினோரு பேர். சுருள் போடவும் சாயம் பூசவும் வருடக்கணக்காக அவரைத் தவிர யாருக்கும் தலையைக் கொடுக்காதவர்கள். மே மாதம் முதல் சனிக்கிழமை தலை கொடுக்க ஓர் இடம் இல்லை என்றால், அவர்கள் புதுசாகத் திறந்த பேரங்காடிக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்ப மாட்டார்கள். அதனால் சொந்த வீட்டு நிலவறையிலேயே ஒரு கடை என்று முடிவு செய்தார். பழைய சுழல் நாற்காலி ஒன்றும், தலைக்கு மேல் கவிழ்க்கிற உலர்த்தி ஒன்றும் வாங்கிப் போர்வை போட்டு மூடி வைத்தார். மாநகராட்சி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கடைக்கும், வெந்நீர்த் தொட்டியும் வீட்டைச் சூடாக்கும் அனல் அடுப்பும் இருக்கும் பகுதிக்கும் நடுவில் ஒரு சுவர். மரச் சட்டகத்தை அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அனுமதி.

"காஸ்பரைக் கூப்பிடலாங்க. ரெண்டு நாள்ல முடிச்சிருவாரு" என்றார் ஸ்டெஃபி அக்கா.

பின் சந்துக்கு அந்தப் பக்கம் இருந்த காஸ்பர் வீபே தச்சர். அந்தத் தெருவில் பாதி வீடு அவர் கட்டியது. பேச்சுதான் பஞ்சம்.

"காஸ்பரா? ஒரு சுவத்துக்கா?" என்றார் நெஸ்டர். "ஏம்மா ஸ்டெஃபி, தினம் நூறு சுத்தியல் என் கை வழியா போகுது, தெரியுமா உனக்கு?"

"கை வழியா போகுதுங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு."

அக்டோபரில் வேலை தொடங்கியது. என்னை மரம் பிடிக்க வைத்துக்கொண்டார். பட்டறை ஜன்னலிலிருந்து ஒரு ஆணித் துப்பாக்கியைக் கொண்டுவந்திருந்தார். உள்ளே தோட்டா போட்டு, வாயைக் கட்டையில் அழுத்தி, பின்னால் தட்டினால் வெடித்து, ஆணி கட்டையைத் துளைத்துக் காங்கிரீட்டுக்குள் இறங்கும். தரையில் தார்த்தாளை விரித்து, அதன் மேல் அடிக்கட்டையை வைத்து, ஓர் எட்டுத் தூரத்துக்கு ஓர் ஆணி போதும் என்ற இடத்தில் ஒரு சாணுக்கு ஓர் ஆணி அடித்தார். கட்டைக்கு அடியில் பசையும் தடவினார். ஒவ்வொரு வெடிக்கும் மேலே சமையலறையில் ஊறுகாய்ப் புட்டிகள் குலுங்கின. நான்கு இடத்தில் காங்கிரீட் பெயர்ந்து குழி விழுந்தது. ஐந்தாவது இடத்தில் ஆணி திரும்பி வந்து அனல் அடுப்பின் தகரத்தில் ஒரு தொப்புளைப் போட்டது.

"தம்பி, கவனிச்சுக்கோ. ஆணி எங்க போகுதுன்னு அடிக்கிறவனுக்கு முன்கூட்டியே தெரியணும்."

"உங்களுக்குத் தெரிஞ்சுதா அண்ணே?"

"நீ கட்டையை ஆட்டிட்டே."

அடுத்தது நிற்கும் கட்டைகள். பதினாறு. மேலே உத்தரத்துக்கும் கீழே அடிக்கட்டைக்கும் நடுவில் இருக்கிற உயரத்தை அளந்து, அதைவிட ஒரு நூல் கூடுதலாக வெட்டினார். கூடுதலாக வெட்டியதைச் சம்மட்டியால் அடித்து அடித்து நிமிர்த்தி நிறுத்தினார். ஒவ்வொன்றும் ஏறும்போது வீடு முனகியது. அது அவருக்குச் சங்கீதமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, இரவல் வாங்கின ஏணியைத் திருப்பிக் கொடுக்க வீபே வந்தார். ஏணியைச் சாய்த்துவிட்டுச் சுவரை மேலும் கீழும் பார்த்தார். குனிந்து அடிக்கட்டையைத் தடவினார்.

"அடியில இடம் விடலையே, நெஸ்டர்."

"எந்த இடம்?"

"ரெண்டு விரக்கடை. சுவரை மேல உத்தரத்துல தொங்க விடணும். தரை ஏறுனா அது பாட்டுக்கு ஏறிட்டுப் போகும்."

"எந்தத் தரை ஏறும்?"

"எல்லாத் தரையும்."

"உன் தரை ஏறும், காஸ்பர். இது நான் போட்ட தரை. அடியில எத்தனை லோடு ஜல்லி, சொல்லு பாப்போம்."

"தெரியாது."

"உள்ள எத்தனை கம்பி?"

"தெரியாது."

"ஒண்ணும் தெரியாம எதை வச்சுப் பேசுற நீ?"

"மண்ணை வச்சு" என்றார் வீபே. ஸ்டெஃபி அக்கா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுச் சந்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அந்த மாதத்தில் அவர் பேசியதில் மிக நீண்ட உரையாடல் அதுதான்.

இரண்டு விரல் இடம் விடுவது ஒன்றும் கஷ்டமில்லை. ஊரில் எல்லா நிலவறைச் சுவரும் அப்படித்தான் தொங்குகிறது. ஆனால் நெஸ்டர் இடம் விட்டிருந்தால், பார்க்கிறவன் எல்லாம் கேட்பான்: ஏன் நெஸ்டர், உன் தரையும் அசையுமா? அந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனை வெடி வெடித்தார் மனிதர்.

சட்டகம் நின்றது. அதோடு வேலையும் நின்றது. கர்லிங் காலம் வந்துவிட்டது. நவம்பரிலிருந்து மார்ச் வரை சுவர் எலும்புக்கூடாகவே நிற்க, வீட்டுக்கு வந்த ஒவ்வொரு விருந்தாளியையும் நெஸ்டர் கீழே இழுத்துக்கொண்டு போனார். "உதைச்சுப் பாரு" என்பார். பெண்களையும் உதைக்கச் சொன்னார். கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்ல வந்த சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரியாதைக்கு ஒரு தட்டுத் தட்டினார்.

"பலமா உதைங்க சாமி."

"வேண்டாம் நெஸ்டர். எனக்கு நம்பிக்கை இருக்கு."

அந்த வருடம் பனியும் அதிகம், உருகினதும் அதிகம். ஏப்ரல் முதல் வாரம் கொல்லையெல்லாம் குளம். களிமண் வாயைத் திறந்து வைத்துக் குடித்தது. ஒரு நாள் சமையலறைத் தரையில் ஒட்டியிருந்த லினோலிய விரிப்பில் நீளமாக ஒரு வரப்பு எழும்பியது. நெஸ்டர், "வெயில்ல தளர்ந்திருக்கு" என்றார். வெளியே இன்னும் பனி கிடந்தது. ஈஸ்டருக்கு ஸ்டெஃபி அக்கா சுட்ட பாஸ்கா ரொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து உப்பியது. அடுப்பே சாய்ந்திருந்தது, பாவம் ரொட்டி என்ன செய்யும். நெஸ்டர், "ஈஸ்டு பழசு" என்றார். குளியலறைக் கதவு சிக்கியது. "மரத்துக்கு ஈரம் ஏறியிருக்கு" என்று சொல்லி இழைப்புளியை எடுத்து மேல் மூலையைச் சீவினார். நான்கு நாளில் மறுபடி சிக்கியது, மறுபடி சீவினார். மூன்றாவது தடவைக்கு அப்புறம் ஒரு மூலையில் கதவு நிலையைக் கடித்துக்கொண்டு நின்றது, எதிர் மூலையில் மூன்று விரல் போகிற இடைவெளி. உள்ளே உட்கார்ந்தபடியே சமையலறை நாட்காட்டியில் தேதி பார்க்கலாம். நான் தெருக்கோடிப் பெட்ரோல் நிலையத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

"ஏங்க, அந்தக் கதவுக்கு நேர் கீழதாங்க உங்க சுவர் இருக்கு" என்றார் ஸ்டெஃபி அக்கா.

"இருந்தா?"

"தரை ஏறி, சுவரு ஏறி, வீட்டைத் தூக்குதோ என்னவோ."

"இதை யாரு சொன்னது, காஸ்பரா?"

"ரொட்டி சொல்லிச்சு."

நெஸ்டர் இழைப்புளியைத் தீட்டப் போனார்.

மாநகராட்சி அதிகாரி வருவதாகச் சொன்னது இருபத்து மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. நெஸ்டர் பட்டறைக்கு விடுப்புச் சொல்லியிருந்தார். அதிகாரியை வரவேற்க கர்லிங் கிளப் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது முகம் மழிக்கக் குளியலறைக்குள் போனார். கதவு சாத்த மறுத்தது. தோளைக் கொடுத்து ஓர் இடி இடித்தார். சாத்திக்கொண்டது. பாதி முகம் மழித்துவிட்டுத் திறக்கப் பார்த்தார், கைப்பிடி கையோடு வந்தது. கதவு வரவில்லை.

"ஸ்டெஃபி. இந்தக் கதவைக் கொஞ்சம் தள்ளு."

ஸ்டெஃபி அக்கா தள்ளினார். நான் தள்ளினேன். இருவரும் சேர்ந்து தள்ளினோம். சுவரில் காரை உதிர்ந்தது, கதவு அப்படியே இருந்தது. குளியலறை ஜன்னல் வழியாகப் பூனை போகலாம், நெஸ்டர் போக முடியாது. வாசல் மணி அடித்தது.

"நான் வர்ற வரைக்கும் அந்த ஆளைக் கீழ விடாதே" என்றார் நெஸ்டர். இடைவெளியில் ஒரு கண்ணும் அரை மீசைச் சோப்பும் தெரிந்தன. "பேச வேண்டியது நான்."

வந்தவர் பெயர் சிக்வால்டசன். ஐஸ்லாந்து வம்சம், ஒல்லி, வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய். வாக்கியத்தை முடிக்கிற வழக்கம் இல்லாதவர். கீழே போய்ச் சுவரின் முன்னால் நின்று மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். ஒரு கட்டையை விரலால் சுண்டினார். கித்தார்த் தந்தி மாதிரி டிங் என்றது. அடுத்ததும் டிங். நடுவில் ஒரு கட்டை வில்லாக வளைந்திருந்தது.

"இதை யாரு..." என்றார்.

"என் வீட்டுக்காரர்."

"அவர் இப்ப..."

"மேல இருக்கார். குளியலறையில. கதவு திறக்கல."

சிக்வால்டசன் கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி கூரையைப் பார்த்தார். மிட்டாய் நின்றது.

மேலேயிருந்து குரல் வந்தது: "சார், உதைச்சுப் பாருங்க சார்."

"அம்மா, இது சுவர் இல்ல. இது ஜாக்கி. உங்க தரை வீட்டைத் தூக்கிட்டு இருக்கு. இதுக்கு நான் கையெழுத்து..." என்று தலையை ஆட்டினார்.

ஸ்டெஃபி அக்கா போர்வை மூடின நாற்காலி மேல் கையை வைத்துக்கொண்டார். "மறுபடி எப்ப வருவீங்க சார்?"

"நாளையிலருந்து லீவு. திரும்பி ஜூன்ல..."

"ஜூன்ல எனக்கு ஒரு தலைகூட இருக்காது சார். மே முதல் சனிக்கிழமை பதினோரு பேர் வர்றாங்க. சொல்லி வச்சிருக்கேன்."

சிக்வால்டசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பக்கத்துத் தெருவுல ரெண்டு வேலை இருக்கு. மூணு மணிக்கு இந்தப் பக்கம்தான் திரும்பணும். அடிக்கட்டை இருக்கட்டும். அது இனிமே பூகம்பம் வந்தாலும் போகாது. அதுக்கு மேல கட்டைங்களை அறுத்து, அடியில வேற ஒரு கட்டையைக் கட்டி, நடுவுல ரெண்டு விரல் இடம் விட்டு... உங்களுக்குத் தெரிஞ்ச தச்சர் யாராவது..."

"இருக்கார்" என்றார் ஸ்டெஃபி அக்கா. நான் அதற்குள் சந்தின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தேன்.

வீபே பெரிய ரம்பத்தோடு வந்தார். 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். ஸ்டெஃபி அக்கா முதலில் மேலே போனார். நானும் போனேன், அதை விட மனசில்லை.

"ஏங்க, சுவரை அறுக்கப் போறோம்."

இடைவெளியில் கண் வந்தது. "எந்தச் சுவரை?"

"நம்ம கிட்ட இருக்கறது ஒரு சுவர்தாங்க."

"தொடக்கூடாது. ஆணி ஒண்ணொண்ணும் நான் அடிச்சது."

"ஆணி இருக்கட்டும். கட்டையோட காலை மட்டும் நறுக்குறோம். நறுக்குனா கதவும் திறக்கும். நீங்களும் வெளிய வரலாம்."

"எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார் நெஸ்டர். "இங்க தண்ணி இருக்கு. எல்லாம் இருக்கு. ஜூன்ல வரச் சொல்லு. அதுக்குள்ள தரை தானா இறங்கிரும்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்திருக்கும். கண் இமைக்காமல் நின்றது.

"இறங்குமா?" என்றார் ஸ்டெஃபி அக்கா மெதுவாக. "அசையாத தரை எப்படிங்க இறங்கும்?"

உள்ளே குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"பதினாலு வருஷம் நின்னுக்கிட்டே வேலை பாத்தேன். ஆறு மாசம் உங்க சுவர் முடியட்டும்னு காத்திருந்தேன். இப்ப மூணு மணிக்கு அந்த ஆள் வர்றாரு." இடைவெளியில் விரலை விட்டுக் கதவைத் தட்டினார். "நான் கீழ போறேன். நீங்க வேணுங்கற வரைக்கும் உள்ள இருங்க."

கீழே வந்து வீபேயிடம் கையை நீட்டினார். "முதல் கட்டை நான்."

வீபே ரம்பத்தைக் கொடுத்தார். நாலு இழுப்பில் ரம்பம் மாட்டிக்கொண்டது. மேலே பாரம் அழுத்த, வெட்டின வாய் மூடிக்கொண்டு தகட்டைக் கவ்வியது.

"நேரா வெட்டாதீங்க" என்றார் வீபே. "மேலருந்து ஒரு சாய்வு, கீழருந்து ஒரு சாய்வு. நடுவுல ஆப்பு மாதிரி எடுத்திரணும். மூஞ்சியைத் தள்ளி வச்சுக்குங்க."

அப்படியே வெட்டினார். ஆப்பு விழப்போகிற சமயம் கட்டை பட்டென்று முறிந்து ஒரு விரல் கீழே இறங்கியது. தலைக்கு மேல் உத்தரம் பெருமூச்சு விட்டது. ஸ்டெஃபி அக்கா சிரித்தார். அந்த வீட்டில் மூன்று வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அது எதும்மா? எந்தக் கட்டை?" என்று மேலேயிருந்து கேட்டது.

"முதல் கட்டை."

"அது நல்ல கட்டை."

இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு முறிவுக்கும் மேலே ஒரு ஆட்சேபம் விழுந்தது. ஐந்தாவதில் ஆட்சேபம் ஆலோசனையாக மாறியது. "ரம்பத்தைத் தோளால பிடிக்கச் சொல்லு." எட்டாவதில் லினோலியத்தின் வரப்பு அமர்ந்து சமையலறையில் ஒரு தட்டு தானாக நகர்ந்தது. பதினோராவது கட்டை, அந்த வில்லாக வளைந்தது, வெடித்து நிமிர்ந்தபோது வீடே ஒரு தரம் குலுங்கியது. அதே சமயம் இடைவெளியில் கதவைப் பிடித்து முழு எடையோடு இழுத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது நெஸ்டர். மேலே கதவு திறந்த சத்தம், அதைத் தொடர்ந்து ஒரு மூட்டை விழுந்த சத்தம்.

நாங்கள் மூவரும் கூரையைப் பார்த்தோம்.

"போய்ப் பாக்கணுமா?" என்றார் வீபே.

"இன்னும் அஞ்சு கட்டை இருக்கு" என்றார் ஸ்டெஃபி அக்கா.

கடைசிக் கட்டையும் முறிந்த பிறகு நெஸ்டர் இறங்கி வந்தார். ஒரு கன்னம் மழுமழு, மறு கன்னத்தில் காய்ந்த சோப்பு. படிக்கட்டின் கடைசிப் படியில் நின்று தன் சுவரைப் பார்த்தார். கால்களை இழந்து தொங்கிக்கொண்டிருந்தது. கீழே அடிக்கட்டையில் நறுக்கின துண்டுகள் வரிசையாகப் பல் மாதிரி நின்றன. யாராவது திட்டியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். "அந்தத் துண்டுங்களை இடுக்கியால ஆட்டி எடுக்கணும், உளியால எடுத்தா அடிக்கட்டை பிளந்துரும்" என்றார்.

வீபே உளியைக் கீழே வைத்துவிட்டு, அண்ணாந்து பார்த்தார். "சரிதான்" என்றார்.

அன்று முழுக்க நெஸ்டர் சொன்னதில் சரியான விஷயம் அது ஒன்றுதான். தன் ஆணி எவ்வளவு இறுக்கம் என்று அவருக்குத்தானே தெரியும். இடுக்கியை எடுத்துக்கொண்டு முழங்காலிட்டு பதினாறு துண்டையும் அவரே ஆட்டி ஆட்டி எடுத்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது. இடையில் பாடம் எதுவும் நடக்கவில்லை, மூச்சு வாங்கினதால்.

அறுத்த கால்களுக்கு அடியில் வீபே ஒரு புதுக் கட்டையைக் கட்டினார். அதற்கும் அடிக்கட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் இடம். அந்தப் புதுக் கட்டையைத் துளைத்து நீள ஆணிகளை அடிக்கட்டையின் ஓட்டைக்குள் சொருகி விட்டார். சுவர் பக்கவாட்டில் ஆடாது, தரை ஏறினால் ஆணி ஓட்டைக்குள் சும்மா வழுக்கும்.

மூன்று மணிக்கு சிக்வால்டசன் வந்தார், புது மிட்டாயோடு. குனிந்து இடைவெளியில் இரண்டு விரலை விட்டு, சுவரின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை இழுத்துக்கொண்டே நடந்தார். கட்டையைச் சுண்டினார். இந்தத் தடவை டக் என்றது.

"இடம் நல்லா..." என்றார்.

நெஸ்டர் ஓர் அடி முன்னால் வந்தார். "ஆரம்பத்துலயே என் திட்டத்துல இருந்தது சார். நடுவுல கொஞ்சம்..."

ஸ்டெஃபி அக்கா திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். நெஸ்டரின் வாக்கியமும் சிக்வால்டசனின் வாக்கியம் மாதிரி அந்தரத்தில் நின்றது.

"சுவர் கட்டினது யாருன்னு எழுதணும்" என்றார் அதிகாரி, பேனாவைத் திறந்து.

"ஸ்டெஃபானியா பசரபா" என்றார் ஸ்டெஃபி அக்கா. வீபே தரையைப் பார்த்துத் தலையசைத்தார். அதிகாரி எழுதினார், கையெழுத்துப் போட்டார், கீழே தேதி போட்டார்.

அந்த வாரக் கடைசியில் வீபே சுவருக்குப் பலகை அடித்துக் கொடுத்தார். மே மாதம் முதல் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு பதினோரு பேரும் பக்கவாட்டு வாசல் வழியாக இறங்கி வந்தார்கள். முதலில் உட்கார்ந்தவர் கோயில் பாடகர் குழுவின் தலைவி, கனத்த சரீரம், கனத்த குரல். தலையில் சுருள் ஏறிக்கொண்டிருக்கும்போது மேலே தொம் தொம் என்று காலடிச் சத்தம். சமையலறையில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, அங்கேயிருந்து மறுபடி இங்கே.

"மேல யாரு ஸ்டெஃபி, இப்படி நடக்கறது?"

"என் வீட்டுக்காரர்."

"என்ன பண்றார்?"

"தரை அசையுதான்னு பாக்குறார்" என்று சொல்லிவிட்டு, ஸ்டெஃபி அக்கா அடுத்த சுருளை எடுத்தார்.